தார்ப்பாய்க்குள் ஒரு கை

உக்காருங்க தம்பி. அந்தத் தார்ப்பாயை இப்பவே பிரிக்காதீங்க. பசங்க சாப்பாட்டுக்குப் போயிருக்காங்க, வர நேரமாகும். அது எங்கயும் ஓடிடாது, சங்கிலி போட்டுல்ல கட்டி வச்சிருக்கேன். முதல்ல டீயைக் குடிங்க. கோயம்புத்தூர்லேருந்து அவ்வளவு தூரம் பஸ்ல குலுங்கிக்கிட்டு வந்துட்டு, வந்ததும் வராததுமா ஸ்பானரை எடுக்கிறீங்களே, உங்க கம்பெனியில மூச்சு விடறதுக்கும் சம்பளத்துல பிடிச்சுக்குவாங்களா?

மேனேஜர் உங்ககிட்ட என்ன சொன்னாரு? மேஸ்திரி சரின்னா மாட்டுங்க, வேணாம்னா பழைய இரும்புல போட்டுடலாம்னுதானே? என்கிட்டயும் அதைத்தான் சொன்னாரு. அந்த மேஸ்திரி நான்தான். கலியபெருமாள். இந்த லாரி ஷெட்டுல நான் வேலைக்குச் சேந்தப்ப நீங்க பொறந்தே இருக்க மாட்டீங்க. இப்ப என் வாயிலேருந்து ஒரு வார்த்தை வரணும். நான் சரின்னா, கொளஞ்சி பொண்டாட்டி நாளைக்கு அந்த மிஷினுக்குக் கீழ வந்து நிக்கும். அது புருசன் சாவுக்கு அடி வாங்கின அதே எடத்துல. வேணாம்னா நிக்காது. அவ்வளவுதான் விஷயம். அதுக்குத்தான் சொல்றேன், டீ ஆறட்டும், அவசரப்படாதீங்க.

போன தடவை உங்க ஆளு ஒருத்தரு வந்தாரு. கண்ணாடி போட்டவரு. அவரு இப்படித்தான், காலுல சுடுதண்ணி ஊத்திக்கிட்ட மாதிரி நின்னாரு. இந்தச் சாமானை மாட்டினாரு, இங்கிலீஷும் தமிழுமா கலந்து படபடன்னு என்னமோ சொன்னாரு, மத்தியானப் பஸ்ஸைப் பிடிக்கணும்னு போயிட்டாரு. நான் அவரு சொன்னது எதையும் கேக்கலைன்னு மேனேஜர் இன்னைக்கும் சொல்லிக் காட்டுறாரு. நான் அப்ப அவருக்கு டீ சொல்லத்தான் வாசலுக்குப் போயிருந்தேன். வந்த மனுசனுக்கு டீ சொல்றது தப்பா? நீங்களே சொல்லுங்க.

வாசல்ல டம்பர் லாரி நிக்குது பாத்தீங்கல்ல. டயரே நம்ம தலைக்கு மேல இருக்கும். சுண்ணாம்புக்கல் ஏத்திக்கிட்டு மேடும் பள்ளமுமா ஓடுற வண்டி, டயரு தேஞ்சுக்கிட்டே இருக்கும். அந்தச் சக்கரத்து நட்டைக் கழட்டி மாட்டறதுதான் இந்த ஷெட்டுல முக்கால்வாசி வேலை. அதுக்கு ஒரு கன். துப்பாக்கி மாதிரி இருக்கும், காத்துல ஓடுறது. தண்ணி ரொம்பின கொடத்தை இடுப்புல வைக்காம, நெஞ்சுக்கு நேரா ரெண்டு கையாலயும் நீட்டிப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. அந்தக் கொடம் தடதடன்னு உதறுதுன்னு வச்சுக்குங்க. ஒரு சக்கரம் முடிக்கிறதுக்குள்ள பல்லெல்லாம் ஆடிப்போயிடும். முடிச்சிட்டு டீ டம்ளரைப் பிடிச்சா டம்ளரும் சேந்து ஆடும்.

அந்தக் கன்னை வருஷக்கணக்கா பிடிச்சவன் கொளஞ்சி. கொளஞ்சிநாதன்னு பேரு, விருத்தாசலம் பக்கம். எனக்குக் கூடப் பொறந்தவன் மாதிரி. ஊர்லேருந்து முந்திரிக்கொட்டை வறுத்து எடுத்தாந்தா முதல் பொட்டலம் எனக்குத்தான். அவனுக்கு வலது தோள் போயிடுச்சு. சட்டை போடறப்ப இடது கையால வலது கையைத் தூக்கி உள்ள விடுவான், குழந்தைக்குப் போட்டு விடற மாதிரி. பசங்க சிரிப்பாங்க, அவனும் சிரிப்பான். நானும் சிரிச்சிருக்கேன். எங்க காலத்துல யாரு தோள் வலின்னு சொன்னா? வலிச்சா தைலத்தைத் தேய், காலையில வா. அவ்வளவுதான் வைத்தியம்.

அப்பதான் உங்க கம்பெனி சாமான் வந்துச்சு. அதுக்கு என்னமோ நீளமா ஒரு பேரு வச்சிருக்கீங்க. நாங்க கைன்னுதான் சொல்லுவோம். தூண்ல மாட்டி, முழங்கை மாதிரி ரெண்டு மடிப்பு, நுனியில கன்னைப் பிடிச்சுக்கிற கவ்வி. கன்னை அதுல மாட்டிட்டா கனம் எங்க போச்சுன்னே தெரியல. மேல தள்ளினா மேல நிக்குது, கீழ இழுத்தா கீழ நிக்குது. விட்ட எடத்துல அப்படியே அந்தரத்துல நிக்குது. கொளஞ்சி ஒரே ஒரு விரலை வச்சுத் தள்ளிப் பாத்தான். அப்புறம் என்னைப் பாத்தான். அண்ணே, இத்தனை நாளா இதை எங்கண்ணே ஒளிச்சு வச்சிருந்தாங்கன்னு கேட்டான். கண்ணு கலங்கிடுச்சு அவனுக்கு. ஒரு இரும்புச் சாமானுக்கு அழுவுறியேடான்னு நான்தான் கிண்டல் பண்ணேன்.

அதுக்கப்புறம் அவன் அதை விட்டு நகர மாட்டான். வேலை முடிஞ்சா துணி எடுத்துத் தொடைப்பான். வேற யாராவது தொட்டா மொறைப்பான். புதுசா கல்யாணம் ஆனவன்கூட இவ்வளவு உருக மாட்டான்டான்னு பசங்க ஓட்டுவாங்க. நல்ல சாமான்தான், நான் இல்லைன்னு சொல்லலையே. யாரு கேட்டாலும் நல்ல சாமான்னுதான் சொல்லுவேன்.

அதுக்குள்ள இருக்கிறது ஸ்பிரிங்கு. உங்களுக்கு நான் சொல்லணுமா. கன்னோட கனம் எவ்வளவோ அவ்வளவுக்கு அந்த ஸ்பிரிங்கை முறுக்கி வச்சிருப்பாங்களாம். கன் கீழ இழுக்கும், ஸ்பிரிங்கு மேல இழுக்கும், ரெண்டும் சரிக்குச் சரியா நிக்கும். கன்னைக் கழட்டணும்னா முதல்ல ஒரு பின்னைச் சொருகணுமாம். சொருகாம கழட்டினா அந்த ஸ்பிரிங்கு சும்மா இருக்குமா. இருக்காதாம். இதெல்லாம் அப்புறமா சொன்னாங்க. எல்லாம் நடந்து முடிஞ்சப்புறம் வந்து சொல்றதுக்கு எல்லாருக்கும் வாய் இருக்கு.

போன வருஷம் ஆயுத பூஜை. எங்க ஷெட்டு ஆயுத பூஜைன்னா சுத்துப்பட்டு ஊரெல்லாம் வந்து பாக்கும். வண்டியெல்லாம் கழுவி, சந்தனம் குங்குமம் வச்சு, டயருக்கு டயரு எலுமிச்சம்பழம். சரஸ்வதி படத்துக்கு முன்னாடி செவப்புத் துணியை விரிச்சு, இந்த ஷெட்டுல இருக்கிற ஒவ்வொரு சாமானையும் கொண்டாந்து வச்சிடணும். சின்ன ஸ்குரூ டிரைவர் மொதக்கொண்டு. நான் மேஸ்திரி ஆனதுலேருந்து ஒரு ஸ்பானர்கூட விட்டுப்போனதில்ல. விட்டுப்போன சாமான் வருஷம் பூரா ஆளுக்கு அடங்காது, அது என் நம்பிக்கை. உங்க ஊர்ல எப்படியோ. எங்களுக்கு அன்னைக்கு அது ஆயுதம் இல்ல, சாமி.

எல்லாச் சாமானும் வந்துடுச்சு. கன் மட்டும் அந்தக் கையில தொங்குது. பெரிய சாமானே அதுதான், அது இல்லாம எப்படி? பூசாரி வேற, அடுத்த ஷெட்டுல காத்துக்கிட்டு இருக்காங்க, சீக்கிரம் சீக்கிரம்னு பறக்கிறாரு. எல்லாத்துக்கும் அந்த ஆளோட அவசரம்தான் காரணம். கொளஞ்சி அந்தத் தூண்கிட்ட குனிஞ்சு வாழைக்கன்னு கட்டிக்கிட்டு இருந்தான். அவனோட கைக்கு அவனே வாழைக்கன்னு கட்டணும்னு அவனுக்கு ஆசை. அண்ணே, கொஞ்சம் இருங்க, இந்த முடிச்சைப் போட்டுட்டு வந்துடறேன்னு சொன்னான். நான் இருந்துதான் இருப்பேன். பூசாரி மணியை அடிச்சிட்டாரே.

நான் கவ்வியைத் தெறந்தேன். கன்னை ரெண்டு கையாலயும் தூக்கினேன். தூக்கினேன், அவ்வளவுதான் தம்பி. சாமிக்கு முன்னாடி வைக்கத் தூக்கினேன். வேற என்ன பண்ணேன் நான்?

முடிச்சைப் போட்டுட்டு அவன் நிமிந்தான். அந்த இரும்புக் கையும் நிமிந்துச்சு. தாடையில பட்டுச்சு. பெரிசா சத்தமே இல்ல. பூசாரி மணி அடிச்சுக்கிட்டு இருந்தாரு, அதுல எதுவும் கேக்கல. நான் கன்னைத் தூக்கிக்கிட்டு சாமிகிட்ட பாதி தூரம் போயிட்டேன். திரும்பவே இல்ல. பசங்க ஏன் இப்படிப் பாக்கிறாங்கன்னு நெனச்சுக்கிட்டே போயி, துணியில வச்சு, பொட்டுகூட வச்சிட்டேன். அப்புறம்தான் திரும்பினேன். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். திருவையாறு தாண்டறதுக்குள்ள போயிட்டான்.

அந்த எடத்துல போயா நிப்பான் ஒருத்தன்? வாழைக்கன்னு கட்ட வேற எடமா இல்ல? வாசல்ல கட்டியிருக்கலாம். நான் அவனைக் குத்தம் சொல்லல. செத்தவனைச் சொல்லி என்ன ஆவப்போவுது. ஆனா இதையெல்லாம் யாரும் நெனச்சுப் பாக்க மாட்டேங்கிறாங்க.

அன்னைக்கே நான் சொல்லிட்டேன், இது இனிமே வேணாம்னு. மடக்கி, சங்கிலி போட்டு அந்தக் கடைசித் தூணோட கட்டி, தார்ப்பாயைப் போத்தியாச்சு. இப்ப பசங்க பழையபடி தோள்லதான் கன்னைத் தூக்குறாங்க. ரெண்டு பேருக்குத் தோள் எறங்கிடுச்சு. ஒருத்தன் வேலையே வேணாம்னு பாத்திரக் கடைக்குப் போயிட்டான். எனக்குத் தெரியாமயா இருக்கு? தெரியுது. ஆனா அங்க பாருங்க. அந்தத் தார்ப்பாயைப் பாருங்க. ஒரு ஆளு முக்காடு போட்டுக்கிட்டு, ஒரு கையை மட்டும் கொஞ்சம் தூக்கிக்கிட்டு நிக்கிற மாதிரி இல்ல?

வெயில் ஏறினா உள்ளேருந்து முனகும். இரும்பு சூடேறினா அப்படித்தான்னு மேனேஜர் சொல்றாரு. இருக்கும். ஆனா மத்த இரும்பெல்லாம் முனகலையே. சங்கிலி கொஞ்சம் கொஞ்சமா நெகிழுது. சாயங்காலம் இறுக்கிட்டுப் போனா காலையில ஒரு விரல்கடை மேல வந்திருக்கும். பசங்க அந்தப் பக்கம் போக மாட்டாங்க. சாமான் ஏதாவது உருண்டு அந்தப் பக்கம் போச்சுன்னா, போவட்டும்னு விட்டுட்டு வேற வாங்கிக் குடுங்கன்னு நிக்கிறாங்க. செந்துறைலேருந்து ஒரு ஆளைக் கூட்டியாந்து திருநீறு போட்டுப் பாத்தோம். அந்த ஆளு தார்ப்பாயைத் தொடவே இல்ல. தூர நின்னு ஊதிட்டுப் போயிட்டாரு.

நான் இதையெல்லாம் நம்பறவன் இல்ல தம்பி. உண்மையாத்தான் சொல்றேன். எனக்கு வேற ஒண்ணுதான். எதைத் தூக்கினாலும், தூக்கின எடத்தைத் திரும்பிப் பாக்குறேன். சோத்துப் பானை மூடியைத் தூக்கினா பானையைப் பாக்குறேன். கட்டில்லேருந்து தலகாணியை எடுத்தா, எடுத்த எடத்துலேருந்து எதாவது எழுந்திரிக்குதான்னு பாக்குறேன். வீட்டுக்காரி கேக்குறா, என்னத்தைத் தொலைச்சீங்கன்னு. ஒண்ணும் தொலைக்கலைன்னு சொல்லுவேன்.

என் மவ பிரசவத்துக்கு வந்திருந்துச்சு. பேரன். உத்தரத்துல ஸ்பிரிங்கு மாட்டி அதுல தூளி கட்டியிருந்தாங்க, இப்பல்லாம் எல்லா வீட்டுலயும் அதானே. ஒரு நாள் புள்ளை அழுவுதுன்னு நான் போயி தூக்கினேன். புள்ளை என் கைக்கு வந்துச்சு, தூளி விசுக்குன்னு மேல போச்சு. அவ்வளவுதான். புள்ளையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அப்படியே தரையில உக்காந்துட்டேன். மவ வந்து புடுங்காத குறையா புள்ளையை வாங்கிச்சு. அன்னைக்கே அந்த ஸ்பிரிங்கைக் கழட்டி எறிஞ்சிட்டேன். துரு பிடிச்சிருக்கு, புள்ளைக்கு ஆவாதுன்னு சொன்னேன். புதுசு அப்பா, போன வாரம்தான் வாங்கினோம்னு மவ கத்துச்சு. கத்தட்டும். இப்ப மாமியார் வீட்டுக்குப் போயிடுச்சு. போன்ல பேசறப்ப, அங்க தூளி எப்படிக் கட்டியிருக்காங்கன்னு கேக்குறேன். பேச்சை மாத்திடுது.

டீ ஆறிடுச்சு போல. வேற சொல்லவா? வேணாமா, சரி.

அந்தப் பொண்ணைப் பத்தித்தானே சொல்ல வந்தேன். தையல்நாயகி. கொளஞ்சி பொண்டாட்டி. அவன் போனப்புறம் ஷெட்டுல சாமான் கழுவுற வேலை குடுத்தாங்க. டீசல் தொட்டிகிட்ட உக்காந்து பில்டரு, நட்டு, போல்ட்டு எல்லாத்தையும் கழுவி அடுக்கும். தலையை நிமித்தாது. ஒரு பொம்பளைப் புள்ளையை வச்சுப் படிக்க வைக்குது. நான்தான் மேனேஜர்கிட்ட சொல்லி வாங்கிக் குடுத்த வேலை அது. யாருக்கும் தெரியாது, சொல்லிக் காட்டுறதுக்காக சொல்லல.

பசங்கெல்லாம் பயந்து ஒதுங்குற எடத்துல அந்தப் பொண்ணு போய் உக்காந்து சாப்புடும் தம்பி. அந்தத் தார்ப்பாய் பக்கத்துல. டிபன் பாக்ஸைத் தெறந்து வச்சுக்கிட்டு, அதோட சாஞ்சுக்கிட்டு. வேற எடமே இல்லையாம்மான்னு கேட்டேன். இங்கதான் காத்து வருதுண்ணேன்னு சொல்லுச்சு. ஒரு நாள் பாத்தா, தார்ப்பாயைத் தூக்கி உள்ள கையை விட்டுத் துணியால தொடைச்சுக்கிட்டு இருக்கு. எனக்கு வந்துச்சு கோவம். உன் புருசனைக் கொன்ன சாமானைப் போயா தொடைக்கிறேன்னு கத்திட்டேன். ஷெட்டே திரும்பிப் பாத்துச்சு.

அது ஒண்ணும் கோவப்படல. தொடைச்சு முடிச்சு, துணியை மடிச்சு வச்சுட்டுத்தான் பேசுச்சு.

"இது வர்றதுக்கு முன்னால அவரு ராத்திரியில படுக்க மாட்டாருண்ணே. படுத்தா தோள் குத்தும். சுவத்துல சாஞ்சு உக்காந்துக்கிட்டே விடிய விடிய இருப்பாரு. நானும் கூட உக்காந்திருப்பேன். இது வந்தப்புறம்தான் மல்லாந்து படுத்துத் தூங்கினாரு. மவளைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு தேருக்குப் போனாரு. நாங்க நல்லா இருந்தது அப்ப மட்டும்தான்."

மனசு கேக்கல. வெளிய போயி டம்பர் டயருல காத்து இருக்கான்னு தட்டிப் பாத்துட்டு வந்தேன்.

அப்புறம்தான் அது மேனேஜர்கிட்ட போயிருக்கு. என்கிட்ட சொல்லாம. அந்தக் கையை மறுபடி மாட்டுங்க, நான் கன் பிடிக்கிறேன்னு கேட்டிருக்கு. கனத்தை அது தூக்கிக்கும், நட்டைப் பாத்து வைக்கத்தானே வேணும், அது எனக்கு வரும், அவரு வீட்டுல சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கேன்னு. அதுக்குச் சம்பளமும் கூட. மேனேஜருக்கு என்ன, ஆளு இல்லாம அல்லாடுறாரு. உங்க கம்பெனிக்குப் போன் பண்ணிட்டாரு. உங்களை அனுப்பிட்டாங்க. எல்லாரும் எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டு, கடைசியில மேஸ்திரி சரின்னா சரியாம்.

பொம்பளை கன் பிடிக்கிறதான்னு நான் கேக்கல. அதுக்கில்ல. பிடிக்கட்டும், ராசாத்தியா பிடிக்கட்டும். ஆனா அந்தத் தூண்கிட்ட அது குனிஞ்சு நிமிரும் பாருங்க, ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை குனிஞ்சு நிமிரும். அதை நான் இங்கேருந்து பாத்துக்கிட்டு நிக்கணுமே. பயமா இருக்கு தம்பி. எனக்கு இந்த வயசுல யார்கிட்டயும் சொல்ல முடியல, உங்ககிட்ட சொல்றேன், நீங்க சாயங்காலம் போயிடுவீங்க. பயமா இருக்கு.

அதனால இன்னைக்குக் காலையில நானே போயி அதுகிட்ட பேசினேன். நல்லபடியாத்தான் சொன்னேன். வர்ற வாரம் ஆயுத பூஜை வருதும்மா. வருஷா வருஷம் வரும். கன்னைக் கழட்டி சாமிக்கு முன்னாடி வச்சுத்தான் ஆவணும், அது வழக்கம், அதை நான் மாத்த முடியாது. யாராவது ஒருத்தன் கழட்டத்தான் போறான். பூசாரி இதே மாதிரி அவசரப்படுத்தத்தான் போறாரு. பின்னு சொருகினானா இல்லையான்னு யாரு பாப்பா? உனக்கு ஒரு பொம்பளைப் புள்ளை இருக்கு. தொட்டிகிட்ட உக்காந்து கழுவுற வேலையே போதும், நான் வேணும்னா சம்பளம் கூட்டித் தரச் சொல்றேன்னு சொன்னேன்.

அது தொட்டியிலேருந்து கையை எடுத்துச்சு. முந்தானையில தொடைக்கல, டீசல் சொட்டச் சொட்ட அப்படியே எழுந்து நின்னுச்சு. வேலைக்கு வந்ததுலேருந்து இன்னைக்குத்தான் என் மூஞ்சைப் பாத்துப் பேசுச்சு.

"கன்னைத் தூக்கினது யாருன்னு நான் இதுவரைக்கும் யாரையும் கேட்டதில்லண்ணே. இனிமேலயும் கேக்க மாட்டேன். ஆனா இந்த வருஷம் கன்னைத் தூக்காதீங்க. சாமியை அதுகிட்ட தூக்கிட்டு வாங்க. படந்தானே, கனமே இருக்காது."

பூசாரியை நெனச்சுத்தான் சொல்லியிருக்கும். பின்ன வேற யாரைச் சொல்லப்போவுது. நல்ல பொண்ணு, யாரு பேரையும் எடுக்கல பாருங்க.

அது மறுபடி உக்காந்து கழுவ ஆரம்பிச்சிடுச்சு. நான் போயி சரஸ்வதி படத்தை ஆணியிலேருந்து எறக்கினேன். இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட நான் அதை எறக்கினதில்ல, பசங்க ஏணி போட்டு மாலை மாத்துவாங்க. ஒரு கண்ணாடி, ஒரு காயிதம், நாலு சட்டம். ஒத்தைக் கையில வந்துடுச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டு அந்தத் தூண் வரைக்கும் நடந்து பாத்தேன். எறக்கின ஆணியை ஒரு தடவை திரும்பிப் பாத்தேன்.

அதோ, பசங்க வர்ற சத்தம் கேக்குது. அந்தப் பொண்ணும் பின்னாடி வருது பாருங்க, டிபன் பாக்ஸோட, இங்க உக்காந்து சாப்புடத்தான்.

சரி. எந்திரிங்க. தார்ப்பாயைப் பிரிங்க. சங்கிலிச் சாவி இந்தாங்க. மாட்டுங்க தம்பி, நான் சரின்னு சொல்லிட்டேன்னு மேனேஜர்கிட்ட சொல்லிக்குங்க.

நான் எங்க நிக்கணும்னு மட்டும் முதல்ல சொல்லிடுங்க.